கழுவாத கெர்னல்

அன்று முற்பகலில் என் வீட்டுக்காரர் என் பத்து விரல்களையும் ஒன்றுவிடாமல் பிடுங்கிவிட்டார். அக்கா எதையும் ஊதிப் பெரிசாக்குவாள் என்று என் தம்பி சொல்வான். அவன் கிடக்கிறான். அவனுக்குக் கண் இருக்கிறது. எனக்குப் பிறந்ததிலிருந்தே கிடையாது. நான் படிப்பது, எழுதுவது, ஊர் வம்பு தெரிந்துகொள்வது எல்லாமே விரலால்தான்.

அதற்கென்று ஒரு கருவி வைத்திருக்கிறேன். கீபோர்டுக்கு முன்னால் ஸ்கேல் மாதிரி நீட்டிப் படுத்துக்கிடக்கும். கம்ப்யூட்டர் திரையில் இருக்கும் வரியைச் சின்னச் சின்ன முட்களாக மேலே தள்ளி, பிரெயில் புள்ளிகளாகக் காட்டும். வரி மாறினால் முட்களும் மாறும். புள்ளிப்பலகை என்று அதற்கு நான் வைத்த பேர். அரதப் பழசு. ஆனாலும் என்னோடு இத்தனை காலம் சண்டை போடாமல் குடித்தனம் நடத்தியது இந்த வீட்டிலேயே அது ஒன்றுதான். அதில் விரல் ஓட ஓடத்தான் ஓய்வு பெறும்வரை வானொலியில் செய்தி வாசித்தேன். என் குரலைக் கேட்டுக் கடிகாரத்தைச் சரிசெய்தவர்கள் உண்டு. கடிகாரங்களே தாமாகச் சரிசெய்துகொண்டதாகவும் கேள்வி.

நான் ஓய்வு பெற்றதும் நிலையத்தில் என் நாற்காலிக்கு ஆள் போடவில்லை. ஒரு மெஷின் குரலைப் போட்டார்கள். விபத்தில் நாலு பேர் போன செய்தியையும் வெங்காய விலை இறங்கிய செய்தியையும் ஒரே உற்சாகத்தோடு வாசிக்கும் குரல். கேட்கும்போதெல்லாம் ரேடியோவைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிவேன். எறிந்த ரேடியோக்களை அடுக்கினால் மாடி வீடே கட்டலாம். சரி, ஒரு தடவை எறியப் போனேன், தம்பி பிடுங்கிக்கொண்டான்.

அந்தத் தம்பி அதே நிலையத்தில்தான் டெக்னீஷியன். அவன் நச்சரித்து, கேட்பவர்கள் நாலு பேர் புகார் செய்து, கடைசியில் நிலையத் தலைவி இறங்கி வந்தார். "ஒரு நாள் வாசிங்க மேடம். வீட்ல இருந்தே, நேரடியா, சாயங்காலம் அஞ்சு மணிச் செய்தி. நல்லா வந்துதுன்னா தினமும் அந்த நேரம் உங்களுக்கு. சொதப்பிட்டா மெஷினே வாசிக்கட்டும். அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம்."

ஆக, அன்று சாயங்காலம் ஐந்து மணி. என் மிச்ச வாழ்க்கை முழுக்க அந்த ஒரு முனையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

முந்தின நாள் தம்பி நிலையத்திலிருந்து ஒரு மைக் பெட்டியைக் கொண்டுவந்து கம்ப்யூட்டரில் செருகினான். நான் பேசுவதை நேராக நிலையத்துக்கு அனுப்பும் புதுப் பெட்டி. அது இல்லாமல் ஒலிபரப்பு கிடையாது, டெலிஃபோன் குரலெல்லாம் செல்லாது என்று நிலையத் தலைவி கறாராகச் சொல்லியிருந்தார். செருகினால், எங்கள் கம்ப்யூட்டர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கெர்னல் பழசு. அதுக்கு இந்தப் பெட்டியைத் தெரியாது" என்றார் என் வீட்டுக்காரர். சொல்லும்போது குரலில் அப்படி ஒரு ஆனந்தம்.

கெர்னல் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: கம்ப்யூட்டர் ஒரு கூட்டுக் குடும்பம் என்றால் கெர்னல்தான் மாமியார். மைக்கோ, கீபோர்டோ, பிரின்டரோ, யார் உள்ளே வந்தாலும் அவள் முகம் பார்த்து, "ஓ, நீயா? வா" என்று சொல்ல வேண்டும். அவளுக்கு அறிமுகமில்லாதவர் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

என் வீட்டுக்காரர் ஒரு பெரிய கம்பெனியின் கம்ப்யூட்டர்களை எல்லாம் கட்டி மேய்த்து ஓய்வு பெற்றவர். மேய்க்க மந்தை இல்லாமல் வீட்டில் இருப்பதை மேய்க்கிறார். உலகமே கெர்னலைச் செய்த நிலையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும்போது இவர் மட்டும் ஒவ்வொரு தடவையும் மூலத்திலிருந்து தன் கையாலேயே செய்வார்.

"ரெடிமேட் கெர்னல் ஒண்ணை இறக்கிப் போடுங்க அத்தான். அரை மணி நேர வேலை" என்றான் தம்பி.

"ரெடிமேடா? ஊர்ல உள்ள அத்தனை பேருக்கும் ஒரே அளவுல தைச்ச சட்டை மாப்ளே அது. உலகத்துல இருக்கிற எல்லா சாமானையும் ஓட்டுற டிரைவர் புரோகிராமை எல்லாம் சுமந்துக்கிட்டு வரும். நம்ம டிஸ்க்ல கெர்னலுக்கு நான் விட்டிருக்கிறது தீப்பெட்டி அளவு இடம். அதுல எங்கே நுழையறது?"

"தீப்பெட்டி அளவு விடச் சொன்னது யாரு?"

"உன் லேப்டாப் ரெடிமேட்தானே? எங்கே அது? கொண்டுவாயேன், பெட்டியை அதுல மாட்டிக்கலாம்."

தம்பி வாயை மூடிக்கொண்டான். அவன் லேப்டாப் ரிப்பேர் கடையில் கிடந்தது. என் வீட்டுக்காரருக்கு அந்தச் சந்தோஷம் இரவுச் சாப்பாடுவரை தாங்கியது.

மறுநாள், அதாவது அந்த நாள், காலையிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டேன். எனக்கு எங்கேயும் இருப்புக் கொள்ளவில்லை. குளித்துவிட்டேன், தலை வாரிவிட்டேன், மறுபடியும் வாரிவிட்டேன். வானொலிக்குத் தலை எதற்கு என்று கேட்காதீர்கள்.

கெர்னல் செய்வதற்கு முன்னால் அதற்கு எதெல்லாம் வேண்டும், எதெல்லாம் வேண்டாம் என்று ஒரு பட்டியல் கொடுக்க வேண்டும். கான்ஃபிக் என்பார் அதை. ஆயிரக்கணக்கான கேள்விகளுக்கு ஆமாம், இல்லை. என் வீட்டுக்காரர் தன் இளமையில் ஆரம்பித்த கான்ஃபிக்கை இன்னும் விடவில்லை. கம்ப்யூட்டர்கள் மாறும், வீடுகள் மாறும், அந்தக் கோப்பு மட்டும் கூடவே வரும். புதுக் கெர்னல் வந்தால் பழைய கான்ஃபிக்கை அதனிடம் கொடுப்பார். அது பழைய பதில்களை ஏற்றுக்கொண்டு, புதிதாக முளைத்த கேள்விகளை மட்டும் கேட்கும்.

புதிதாக முளைத்தது மட்டும்தான் என்றதும் நான் ஏமாந்துபோனேன். ஏதோ ஏழெட்டு இருக்கும் என்று நினைத்தேன். பெண் பார்க்க வந்த சம்பந்தி வீட்டாரே தோற்றார்கள். புள்ளிப்பலகையில் விரல் வைத்து நானும் வாசித்துக்கொண்டே வந்தேன். இன்ன வகை பேட்டரி உண்டா? இன்ன கம்பெனி ஜாய்ஸ்டிக் உண்டா? ராணுவத்தில் மட்டும் இருக்கும் ஏதோ வயர் உண்டா? செயற்கைக்கோளோடு சம்பந்தம் உண்டா?

"இல்லைன்னு போடுங்க. செயற்கைக்கோளை எங்கே கட்டுறது, துணிக்கொடியிலயா?"

அவர் ஒவ்வொன்றுக்கும் விளக்கத்தைத் திறந்து வாசித்து, ம்ம் என்று யோசித்து, கழுத்தை நெட்டி முறித்து, அப்புறம் பதில் போடுவார். எனக்கு உயிர் போய்த் திரும்பி வரும். அந்தச் சமயத்தில்தான் என் விரலடியில் அந்த வரி வந்தது: பழைய வகைக் கருவிகளுக்கான ஆதரவு, புதிது, வேண்டுமா வேண்டாமா.

"இதென்ன, தலைப்பு மாதிரி இருக்கு?" என்று அவர் விளக்கத்தைத் திறக்கப் போனார்.

"பழசெல்லாம் எதுக்குங்க? வேண்டாம்னு போடுங்க" என்றேன்.

ஒரு மனுஷிக்கு ஓய்வு கொடுத்து வீட்டில் உட்கார வைத்துவிட்டு, சாயங்காலம் அவள் மறுபடியும் உயிர்த்தெழப் போகிற நாளில், காலையிலேயே பழசு வேண்டுமா என்று கேட்டால் அவள் வேறென்ன சொல்வாள்? அவரும் வேண்டாம் என்று போட்டார். அடுத்த கேள்விக்குப் போனோம்.

பிறகு கம்பைல். அதாவது அந்தப் பட்டியலின்படி கெர்னலைச் சமைப்பது. எங்கள் கம்ப்யூட்டருக்கு வயசாகிவிட்டது. அதன் மின்விசிறி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் விமானம் இறங்குகிறது என்று மொட்டை மாடிக்கு ஓடியிருக்க வேண்டும். தம்பியும் லீவு போட்டுவிட்டு வந்து சேர்ந்தான். ஒருவழியாக முடிந்து, அணைத்துப் போட்டார்கள்.

"அக்கா! பெட்டியில பச்சை லைட்டு!" தம்பி குதித்தான். தரை அதிர்ந்தது. ஹெட்ஃபோனில் நிலையத்தின் சத்தம் கேட்டது. யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். அந்தக் கனைப்பு எனக்குக் கச்சேரியாக இருந்தது.

நான் புள்ளிப்பலகையில் விரலை வைத்தேன்.

வழவழ என்று இருந்தது. ஒரு முள் கிடையாது. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடவினேன். மொட்டைத் தலையைத் தடவுவது மாதிரி.

"என்னங்க" என்றேன். "என் பலகை செத்துப்போச்சு."

கேபிளைப் பிடுங்கிச் செருகினார்கள். வேறு துளையில் செருகினார்கள். தம்பி ஊதினான். எல்லாவற்றையும் ஊதுவான் அவன். ஒன்றும் நடக்கவில்லை. பழைய கெர்னலை எடுத்துப் போட்டால் பலகையில் முள் எழுந்தது, மைக் பெட்டி செத்தது. புதுக் கெர்னலைப் போட்டால் மைக் பெட்டி பிழைத்தது, பலகை செத்தது. விரல் இருந்தால் வாய் இல்லை, வாய் இருந்தால் விரல் இல்லை.

"புது மாமியாருக்கு உன் பலகையை அடையாளம் தெரியலை" என்றார் என் வீட்டுக்காரர். "ஆனா எப்படி? என் பழைய கான்ஃபிக்ல பலகைக்கான டிரைவருக்கு ஆமாம்னு போட்டிருக்கேன். அதை மாத்தவே இல்லை. அதைப் பத்தி ஒரு கேள்விகூட வரலையே!"

கேள்வி வரவில்லைதான். ஆனால் காலையில் என் விரலடியில் வந்த அந்த ஒரு வரி எனக்கு ஞாபகம் வந்தது. பழைய வகைக் கருவிகள். என் பலகையைவிடப் பழைய கருவி இந்த வீட்டில் எது இருக்கிறது, எங்களைத் தவிர?

நான் வாயைத் திறக்கவில்லை. அவராகக் கண்டுபிடித்தால் நான் சொன்னது அவருக்கு ஞாபகம் வராமல் போகலாம், யார் கண்டது. எழுந்து அடுப்படிக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். கூடத்துக்கு வந்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தெருவில் ஒரு லாரி பின்னால் வந்துகொண்டிருந்தது, பீம் பீம் பீம் என்று. மறுபடியும் அடுப்படி. அன்று நான் குடித்த தண்ணீரில் ஒரு குளம் வெட்டியிருக்கலாம்.

தம்பி என் பின்னாலேயே வந்தான். "அக்கா, ஒரு யோசனை. கம்ப்யூட்டரே வாய்விட்டு வாசிக்கும்ல? அதை உன் காதுல விட்டுடறேன். நீ கேட்டுக் கேட்டுத் திருப்பிச் சொல்லிடு. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்டா. அந்த மெஷினை விரட்டத்தானே இந்தக் கூத்து? அது என் காதுல வாசிக்க, நான் அதுக்குத் தொண்டையை வாடகைக்கு விடணுமா?"

"இல்லைன்னா நான் வாசிக்கிறேன், நீ திருப்பிச் சொல்லு."

"நீ வாசிச்சா அதைவிட மோசம். போன தடவை மருந்துச் சீட்டை வாசிக்கச் சொன்னப்போ நீ என்ன பண்ணினே, ஞாபகம் இருக்கா? எனக்குக் கண்ணுல விடுற சொட்டு மருந்து வாங்கிட்டு வந்தே."

வாசிக்க வேண்டிய செய்தி நிலையத்திலிருந்து வருவதே ஐந்துக்குக் கொஞ்சம் முன்னால்தான். மனப்பாடம் செய்யவும் வழியில்லை. நிலையத் தலைவி ஃபோன் செய்தார். தம்பி, "எல்லாம் ரெடி மேடம், அக்கா ஜம்முன்னு இருக்காங்க" என்று சொன்னதைக் கேட்டபோது அவனுக்கு அரசியலில் நல்ல எதிர்காலம் இருப்பது தெரிந்தது.

உள்ளே என் வீட்டுக்காரர் கேபிளைத் திட்ட ஆரம்பித்திருந்தார். அடுத்து கேபிள் செய்தவனையும் அவன் பரம்பரையையும் திட்டுவார், அப்புறம் புதுக் கேபிள் வாங்கக் கடைத்தெருவுக்குக் கிளம்பிவிடுவார். அவரை எனக்குத் தெரியும். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. கௌரவமா ஐந்து மணியா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். மனசே இல்லாமல் கௌரவத்தை விட்டேன்.

"காலையில பழைய வகைக் கருவிகள்னு ஒரு கேள்வி வந்துதே" என்றேன், ஏதோ வானிலை பற்றிப் பேசுகிற மாதிரி. "அதுக்கு வேண்டாம்னு போட்டீங்களே, அதுவா இருக்குமோ?"

கீபோர்டு சத்தம் நின்றது.

"போட்டேனா?"

"போட்டீங்க."

"யார் சொல்லி?"

"இப்ப அந்த விசாரணைக் கமிஷன் எதுக்கு?"

தம்பி பக்கத்திலிருந்து 'க்ளுக்' என்று ஒரு சத்தம். சிரிப்பை விழுங்கினான் தடியன்.

என் வீட்டுக்காரர் விழுந்தடித்துக்கொண்டு தேடினார். விஷயம் இதுதான். பழைய கெர்னலில் என் பலகையின் டிரைவர் தனிக்குடித்தனம். ஆமாம் என்றால் இருக்கும். புதுக் கெர்னலில் அதைச் செய்தவர்கள் அந்த மாதிரிப் பழைய டிரைவர்களை எல்லாம் ஒரு புதுத் தலைப்புக்குக் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். தலைப்புக்கு இல்லை என்று சொன்னால், கீழே இருப்பவர்கள் அத்தனை பேரும் கூண்டோடு காலி. அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவும் மாட்டார்கள், போனதாகச் சொல்லவும் மாட்டார்கள். காலங்காலமாக அந்தக் கான்ஃபிக்கில் இருந்த 'ஆமாம்', சேமித்ததும் காணாமல் போயிருந்தது.

"அயோக்கியப் பசங்க" என்றார் அவர். "வேலையை விட்டுத் தூக்கினா ஒரு கடுதாசியாவது கொடுக்க வேண்டாமா?"

சரி, தலைப்புக்கு ஆமாம் போட்டார். மறுபடியும் சின்னச் சின்னக் கேள்விகள். "அதெல்லாம் சாதாரணக் கேள்வி, அப்படியே ஒத்துக்கிட்டுப் போயிடலாம்" என்று என்டர் விசையில் விரலை வைத்து ஒரே அழுத்தாக அழுத்தினார். டரடரவென்று ஓடியது.

பிறகு மறுபடியும் கம்பைல். விமானம் கிளம்பியது. நான் நடக்க ஆரம்பித்தேன். கூடம், வராந்தா, படுக்கையறை, கூடம். நாற்காலி முதுகைத் தட்டினேன், கதவு நிலையைத் தட்டினேன், தம்பியின் தோளைத் தட்டினேன். சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தால் பருக்கைகள் புள்ளிகளாகத் தெரிந்தன. அதில் எழுத்துத் தேடினேன். சாப்பிடவில்லை.

"உட்காரேன் அக்கா. எனக்குத் தலை சுத்துது."

"நீ கண்ணை மூடிக்க."

நிலையத் தலைவி மறுபடி ஃபோன் செய்தார். இந்தத் தடவை அவர் குரலில் சந்தேகத்தின் வாடை இருந்தது. ஒன்றும் பிரச்சினை இல்லையே என்று கேட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று மெஷினைத் தயாராக வைத்திருக்கிறாராம். ஐந்து மணிக்கு இசை முடிந்ததும் என் குரல் வரவில்லை என்றால் அது தானாகவே ஆரம்பித்துவிடுமாம். என் குரல் வந்தால் தானாகவே நிறுத்திக்கொள்ளுமாம். "எதற்கும் இருக்கட்டும்" என்ற அந்த இரண்டு வார்த்தையை நான் பல் குத்தும் குச்சி மாதிரி மென்றுகொண்டே இருந்தேன்.

மதியம் போய் வெயில் மேற்கு ஜன்னலுக்கு வந்து என் முழங்கையைச் சுட ஆரம்பித்தபோது கம்பைல் முடிந்தது. அணைத்துப் போட்டார்கள். நான் விரலை வைத்தேன்.

மொட்டைத் தலை.

எனக்கு அழுகை வந்தது. அழுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் அழுதால் குரல் கம்மிவிடும். குரல் இன்னும் தேவைப்படலாம். விழுங்கிக்கொண்டேன்.

"என்ன கேள்விங்க வந்துது?" என்றேன்.

"எப்போ?"

"தலைப்புக்கு ஆமாம் போட்ட பிறகு. சாதாரணக் கேள்வின்னு டரடரன்னு ஓட்டினீங்களே. அதெல்லாம் என்ன?"

அவர் பழைய கான்ஃபிக்கையும் புதுக் கான்ஃபிக்கையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, எது வித்தியாசம் என்று கம்ப்யூட்டரையே கேட்டார். அப்புறம் நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. நல்ல பலமான அடி. அடுத்த தெருவில் கேட்டிருக்கும்.

தலைப்பைத் திரும்பத் திறந்ததும், கீழே இருந்தவர்கள் திரும்பி வந்திருக்கிறார்கள். ஆனால் பழைய வேலைக்காரர்களாக அல்ல, புதிதாக மனுப் போடுகிறவர்களாக. ஒவ்வொருவருக்கும் வேண்டுமா என்று முதலிலிருந்து கேட்டிருக்கிறது. யோசிக்காமல் என்டர் தட்டினால் வேண்டாம் என்று அர்த்தம். என் பலகையின் டிரைவர் வாசலில் வந்து கும்பிட்டு நின்றிருக்கிறான். இவர் முகத்திலடித்த மாதிரிக் கதவைச் சாத்தியிருக்கிறார்.

"அப்ப இந்தத் தடவை யார் சொல்லி வேண்டாம்னு போட்டீங்க?" என்றேன்.

"இப்ப அந்த விசாரணைக் கமிஷன் எதுக்கு?"

டிரைவருக்கு ஆமாம் போட்டார். சத்தமாகச் சொல்லிக்கொண்டே போட்டார். சேமித்தார். திரும்பத் திறந்து, இருக்கிறதா என்று தம்பியையும் பார்க்கச் சொன்னார். இருந்தது. ஆனால் இன்னொரு முழுக் கம்பைலுக்கு நேரம் எங்கே இருக்கிறது? ஐந்து மணிக்குச் செய்தி. கம்பைல் முடியும்போது உலகம் அடுத்த செய்திக்குப் போயிருக்கும்.

"ஒரே ஒரு டிரைவர்தானே அத்தான்? அதை மட்டும் சமைக்க முடியாதா? எல்லாத்தையும் எதுக்கு முதல்ல இருந்து?"

"முதல்ல கழுவணும் மாப்ளே. முந்தின சமையலோட மிச்சத்தை எல்லாம் கழுவிக் கவிழ்த்துட்டுத்தான் புதுசா ஆரம்பிக்கணும். அதான் சுத்தம். கம்பெனியில இருந்தப்பவும் அப்படித்தான்."

எனக்குக் காது விடைத்துக்கொண்டது. "கழுவாம விட்டா?"

"மாறின துண்டை மட்டும் செஞ்சு, மீதியைப் பழசோட சேர்த்துக்கும். சீக்கிரம் முடிஞ்சுடும்தான். ஆனா பழைய துண்டு எங்கயாவது ஒட்டிக்கிட்டு இருந்தா அவ்வளவுதான், மிஷின் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. நான் ஒருநாளும் கழுவாம செஞ்சதில்லை."

கேளுங்கள் நியாயத்தை. கல்யாணமான நாளிலிருந்து இன்றுவரை இந்த மனுஷர் ஒரு டீ கப்பைக் கழுவியதில்லை. குடித்த கப்பைக் குடித்த இடத்திலேயே வைப்பார், நான் கை வைக்கும்போது அது கவிழும். அப்பேர்ப்பட்டவர் கெர்னலை மட்டும் தடவைக்குத் தடவை தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறாராம்!

"கழுவாதீங்க" என்றேன்.

"எழுந்திருக்கலைன்னா பெட்டியும் போச்சு, பலகையும் போச்சு."

"இப்ப இருக்கிறபடி இருந்தா அஞ்சு மணி போச்சு. கழுவாதீங்க. இந்த வீட்ல கழுவாம வைக்கிறதுக்கு உங்களைவிடத் தகுதியான ஆள் யாரு?"

"உனக்கு இதோட ஆபத்து புரியலை."

"எனக்கு அந்த நாற்காலி வேணுங்க" என்றேன். அதை விளையாட்டாகச் சொல்லத்தான் நினைத்தேன். விளையாட்டாக வரவில்லை.

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். பிறகு விசைகள் தட்டும் சத்தம். விமானம் மறுபடியும் கிளம்பியது, ஆனால் இந்தத் தடவை ஏறுவதற்குள்ளேயே இறங்கிவிட்டது. மாறிய துண்டு, சேர்ப்பு, முடிந்தது. "அபசாரம், அபசாரம்" என்று முனகிக்கொண்டே அவர் எழுந்து போய் ஜன்னலோரம் நின்றுகொண்டார், பார்க்க மாட்டேன் என்கிற மாதிரி. அணைத்துப் போடும் பொத்தானைத் தம்பிதான் அழுத்தினான்.

செய்தி வந்துவிட்டதென்று தம்பியின் ஃபோன் கிணுகிணுத்தது. மேசையில் இருந்த ரேடியோவில் ஐந்து மணிக்கு முந்தின விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் ஒரு தடவை இருமியது. என் இரண்டு கையும் பலகைமேல். கீழே வழவழப்பு. ரேடியோவில் செய்தி இசை ஆரம்பித்தது. பல வருஷம் நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கேட்ட அதே இசை.

"பச்சை லைட்டு வந்துடுச்சு" என்றான் தம்பி, ரகசியமாக. பெட்டி பிழைத்துவிட்டது. ஹெட்ஃபோனை என் தலையில் மாட்டினான். என் விரலடியில் ஒன்றுமில்லை. இசை முடிந்தது. ஒரு நொடி மௌனம். அந்த மௌனத்தில் எனக்கு இரண்டு தடவை வயசாகிவிட்டது.

ஹெட்ஃபோனில் மெஷின் ஆரம்பித்தது. "வணக்கம். மாலைச் செய்திகள். ஆற்றுப் பாலத்தின் பழுதுபார்க்கும் பணி—"

அப்போது முட்கள் எழுந்தன.

மழை பெய்கிற மாதிரி, இடமிருந்து வலமாக, படபடவென்று. முதலில் ஏதேதோ கம்ப்யூட்டர் உளறல். தம்பி விசையைத் தட்டினான். உளறல் விழுந்தது. செய்தி எழுந்தது. ஆற்றுப் பாலம். பழுதுபார்க்கும் பணி.

"—நிறைவடைந்ததை அடுத்து, நாளை காலை முதல் கனரக வாகனங்கள் மீண்டும் அனுமதிக்கப்படும்" என்று நான் வாசித்தேன்.

மெஷின் பாதியில் வாயை மூடிக்கொண்டது. வாக்கியத்தை அது ஆரம்பித்தது, நான் முடித்தேன். அதற்கப்புறம் அது வாயே திறக்கவில்லை. விலைவாசி, விபத்து, தேர்வு முடிவு, வானிலை. ஒவ்வொன்றையும் அதற்குரிய குரலில் வைத்தேன். இறந்துபோன முதியவரின் செய்திக்கு மட்டும் ஒரு கணம் நின்றேன், எப்போதும் நிற்பதுபோல. என் வீட்டுக்காரர் மூச்சுவிடுகிறாரா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

முடித்து, ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். இடுப்புவரை வியர்வை. தம்பியின் ஃபோன் அடித்தது. அவன் எடுத்தான்.

"ம்... ஆமாம் மேடம்... ம்..." என்று அவன் போட்ட ஒவ்வொரு 'ம்'முக்கும் அவனை ஒரு அறை அறையலாம் போலிருந்தது. கடைசியில் ஃபோனை என் காதில் வைத்தான்.

"ஆரம்பத்துல மெஷின் குரல் எப்படி வந்துது மேடம்?" என்றார் நிலையத் தலைவி.

"சும்மா, அறிமுகம் பண்ணிவிட்டுது" என்றேன். "மரியாதை தெரிஞ்ச மெஷின்."

"கேட்கறவங்க ரெண்டு பேர் ஏற்கெனவே ஃபோன் பண்ணிட்டாங்க" என்றார். "நாளைக்கு அறிமுகம் இல்லாம ஆரம்பிங்க. நாளன்னிக்கும்."

நான் சரி என்று சொன்னேன். வேறு என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. பெரிய சொற்பொழிவு ஆற்றியதாக இப்போது எல்லாரிடமும் சொல்லிவருகிறேன்.

ஜன்னலோரத்திலிருந்து என் வீட்டுக்காரர் வந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மேசைப் பக்கம் கையை நீட்டுவது கேட்டது. அவர் சட்டைக் கை உரசும் சத்தம் எனக்குத் தெரியும்.

"என்ன பண்றீங்க?"

"அணைச்சுட்டு, ராத்திரி பூரா விட்டு ஒழுங்கா, முறையா கழுவி, இன்னொரு தடவை—"

நான் நாற்காலியை இழுத்து, அவருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் போட்டு, உட்கார்ந்துகொண்டேன். இரண்டு கையையும் பலகைமேல் வைத்துக்கொண்டேன். முட்கள் அப்படியே நின்றிருந்தன, செய்தியின் கடைசி வரியோடு.

"தம்பி, சாப்பாட்டை இங்கேயே கொண்டுவந்துடு" என்றேன். "நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும் நான் எழுந்திருக்கறதா இல்லை."